வூடு யாருது?

கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து சட்டம் பேசியதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இருக்கிற மண்டபம். முந்தின நாள் ஏதோ ஒரு வீட்டுக் கல்யாணம் அங்கே முடிந்திருந்தது. வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களை அவிழ்த்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். எடுத்துப்போக ஆள் வரவில்லை. மேடையில் மணமக்கள் உட்கார்ந்த சிவப்பு வெல்வெட் நாற்காலிகளை ஓரமாக நகர்த்திவிட்டு, சாப்பாட்டுக் கூடத்து மேசைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஒரு சட்டமுன்வடிவை ஆராய வந்த சட்டமன்றத் தேர்வுக் குழு உறுப்பினர்களை உட்கார வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு மைக், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தட்டில் முந்திரி பிஸ்கட். கீழே, மொய் எழுதுகிறவர்கள் உட்காருகிற இடத்தில் சுருக்கெழுத்தர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மேசையின் இடது ஓரத்தில் இருந்த எம்.எல்.ஏ. அக்கா மைக்கின் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, "அந்த வூடு யாருதும்மா?" என்று கேட்டார். கூடத்தில் இருந்த முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியும். கேட்டவருக்கும் தெரியும். வெளியே ஒரு கண்டெய்னர் லாரி பீப் சத்தத்தோடு பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

அந்தக் கேள்வியை அவர் ஏன் கேட்டார் என்று இன்றைக்கும் என்னிடம் விசாரிக்கிறவர்கள் உண்டு. நான் அப்போது அவருடைய பி.ஏ. அதற்கு முன்னால் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவை மூடியபோது கட்சியில் இருந்த என் மாமா என்னைக் கொண்டுபோய் அக்காவிடம் விட்டார். "இங்கிலீஷ் படிப்பியா? கோவப்படுவியா?" என்ற இரண்டு கேள்விகளோடு நேர்காணல் முடிந்தது. மனுக்களைப் பிரிப்பது, போன் எடுப்பது, சட்டமன்றம் நடக்கிற நாட்களில் அவரோடு காரில் கோட்டைக்குப் போவது, இவைதான் வேலை. குன்றத்தூரில் என் வீட்டுத் தெருமுனையில் வந்து ஏற்றிக்கொள்வார். ஏசி அவருக்கு ஆகாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, போரூர் வரைக்கும் ஒன்றும் பேசாமல் வருவார்.

ஊராட்சித் தலைவராக இருந்து மேலே வந்தவர். கணவர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். சேரப்பணஞ்சேரிப் பக்கம் குடும்பத்துக்கு நெல் விளைந்த நிலம் இருந்தது. தொழிற்பேட்டைக்கு ஒரு பகுதி போனது. மீதியில் கணவரின் தம்பி முதலில் லைன் வீடுகள் கட்டினார், பிறகு மாடி வைத்த அறைகள் கட்டினார். தென் மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே கம்பெனி லைனில் நின்று வேலை செய்கிற பிள்ளைகள்தான் குடியிருந்தார்கள். அதெல்லாம் கொழுந்தனார் நிர்வாகம். அக்கா பெயரில் பத்திரம் இருந்தது, சாவி அவரிடம் இருந்ததில்லை. நிலம் போன குடும்பங்களில் பெரும்பாலும் இப்படித்தான். விவசாயம் பார்த்தவர்கள் வாடகை பார்க்கிறவர்கள் ஆனார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு மாடியிலும் இரண்டு பையன்கள் இருந்தார்கள்.

சட்டமுன்வடிவுகள் எப்படி நிறைவேறுகின்றன என்பதைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பல முறை பார்த்திருக்கிறேன். பொதுவாகக் கூட்டத்தொடரின் கடைசியில் அவை கட்டுக்கட்டாக வரும். அமைச்சர் எழுந்து முன்மொழிவார். பேரவைத் தலைவர், "ஏற்போர் ஆம் என்க" என்பார். ஒரு பக்கத்திலிருந்து "ஆம்" என்று சத்தம் எழும். "மறுப்போர் இல்லை என்க." அடுத்த பிரிவு. குன்றத்தூர் மலையேறும்போது முன்னால் போகிறவர் குரல் கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே அரோகரா சொல்வது மாதிரி இருக்கும். அக்காவும் சொல்வார். ஆனால் அதற்கு முன்பே, காரில் வரும்போது, ஒவ்வொரு சட்டமுன்வடிவையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். நான் வாசித்து முடித்ததும் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இது எவனுக்குத் தம்பி வலிக்கும்?" சில சமயம் எனக்குத் தெரியும். பல சமயம் தெரியாது. தெரியாது என்றால், "அப்போ நல்லாப் படி. யாருக்கும் வலிக்காம ஒரு சட்டம் எழுத மாட்டானுங்க" என்பார்.

தொழிலாளர் தங்குமிடங்களைப் பதிவு செய்து முறைப்படுத்துகிற சட்டமுன்வடிவு வந்தபோது அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு அறையில் எத்தனை பேர், கழிவறை எப்படி, தீப்பிடித்தால் வெளியேற வழி எது, இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று அதில் பிரிவு பிரிவாக எழுதியிருந்தது. கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்துகிறவரோடு கட்டடத்தின் உரிமையாளரும் பொறுப்பு என்று ஒரு பிரிவு சொன்னது. அவையில் சத்தம் எழுந்து, அரசு அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. தொழிற்சாலைகள் இருக்கிற தொகுதிக்காரர் என்று அக்காவையும் உறுப்பினராகப் போட்டார்கள். அந்த வாரம் முழுக்க வீட்டு வாசலில் செருப்புகள். வந்தவர்கள் எல்லோரும் தெரிந்த முகங்கள், சொந்தக்காரர்கள், தேர்தலில் பூத்துக்கு உட்கார்ந்தவர்கள். எல்லோருக்கும் வாடகைக்கு விட்ட அறைகள் இருந்தன.

கொழுந்தனார் ஒரு நாள் காலையில் வந்து, காபி குடித்துக்கொண்டே விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "அண்ணி, வாடகை குடுக்கிறவனுக்கு ஓட்டு திருநெல்வேலில கீது. வாடகை வாங்கறவனுக்கு இங்க கீது. அத்த மட்டும் மனசுல வெச்சிக்கினு உக்காருங்க கமிட்டில." அக்கா சிரித்தார். கொழுந்தனார் சொன்னதில் தப்பு இல்லை. எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாத கணக்கு அது.

அதே பேச்சில் அவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். பெண் பிள்ளைகள் தங்கியிருக்கிற மாடி வீட்டில் போன மாதம் சின்னதாக ஒரு ஷார்ட் சர்க்யூட், கொஞ்சம் புகை, உடனே சரி பண்ணியாகிவிட்டது.

"யாருக்குனா அடியா?" என்றார் அக்கா.

"ஒரு பொண்ணு பயந்துகினு குதிச்சிட்ச்சி. கால்ல சுளுக்கு. ஆஸ்பத்திரிக்கு நாந்தான் இட்டுனு போனேன்."

அக்கா தலையாட்டினார். பேச்சு வேறு பக்கம் போனது.

குழு சாட்சியம் கேட்க எங்கள் பக்கம் வந்தபோது, ஒன்றிய அலுவலகக் கூடத்தில் மராமத்து நடந்துகொண்டிருந்ததால் கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். காலையில் அதிகாரிகள் பேசினார்கள். பிறகு வீட்டு உரிமையாளர்கள் சார்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நன்றாகவே பேசினார். பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க யாரும் முன்வராத காலத்தில் நாங்கள்தான் கொடுத்தோம், கடன் வாங்கிக் கட்டினோம், எடுத்து நடத்துகிறவன் செய்கிற தப்புக்கு எங்களைக் கோர்ட்டில் நிறுத்தினால் நாளைக்கு யாரும் வீடு தர மாட்டோம், அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டார். உறுப்பினர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதற்குப் பிறகு தொழிற்சங்கத்துக்காரர்கள் அழைத்து வந்திருந்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் பின்வரிசையிலிருந்து எழுந்து வர நேரமானது. இடது கையில் ஊன்றுகோல். பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் அக்காவுக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தேன். அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் நடந்து வந்து நாற்காலியில் உட்காரும் வரை அந்த முதுகு அசையவே இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்து ஊர் பெயரைச் சொன்னாள். போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் இருந்ததாகச் சொன்னாள். குழுத் தலைவர் வயதானவர், பொறுமைசாலி. "நடந்ததை உங்க பேச்சுலயே சொல்லுங்கம்மா" என்றார்.

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்திருந்தோம் சார். வார்டனக்கா வெளிய கேட்டப் பூட்டிட்டு காய் வாங்கப் போயிட்டாவ. பகல்ல தூங்குத பிள்ளையள யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு எப்பவும் அப்படித்தான் பூட்டுவாவ. மாடிப்படிக்குக் கீழ சுவிட்ச் போர்டு இருக்கு. அதுலேர்ந்து புகை வந்துச்சு. படி வழியா எறங்க முடியல. ஜன்னல்ல நின்னு கத்துனோம். தெருவுல ஆளே இல்ல, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாவ. ஒரு பிள்ள மயங்கி விழுந்துட்டா. நான் சன்ஷேடுல எறங்கி அங்கேருந்து குதிச்சேன். யாரையாவது கூட்டிட்டு வரலாம்னுதான் குதிச்சேன். எந்திரிக்க முடியல. கேஸ் சிலிண்டர் போடுத அண்ணன் வந்து ஜாக்கிக் கம்பியால பூட்ட உடைச்சாவ."

"எல்லாரும் பிழைச்சுக்கிட்டாங்களா?"

"பொழச்சிட்டாவ சார்."

அவள் அழவில்லை. சொல்லி முடித்ததும் ஊன்றுகோலை நாற்காலிக் காலோடு சேர்த்து நேராக வைத்துக்கொண்டாள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், வழக்கறிஞர், தன் மைக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் அக்காவின் மைக்கில் விளக்கு எரிந்தது.

"அந்த வூடு யாருதும்மா?"

அந்தப் பெண் சங்கத்துக்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சா சொல்லு. எழுதிக்கினு கீறாங்க."

"ஒங்க வீடுதான் மேடம்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உறுப்பினர் அவர்களே, இந்தப் பகுதி பதிவாக வேண்டுமா? வேண்டாமென்றால் விட்டுவிடலாம்" என்றார். அக்கா, "பதிவாவட்டும் ஐயா" என்றார். பிறகு வேறு யாருடைய வீட்டைப் பற்றியோ கேட்பது போல மேலும் கேட்டார். சாவி ஒன்றுதானா? இன்னொன்று உள்ளே யாரிடமும் இல்லையா? கேட்டதுண்டா? கேட்டால் என்ன சொன்னார்கள்? அந்தப் பெண்ணும் வேறு யாருக்கோ பதில் சொல்வது போலச் சொன்னாள். சாவி கேட்டோம், கொடுத்தால் பிள்ளைகள் ஊர் சுற்றும் என்று ஓனர் சார் சொன்னார் என்றாள். சுருக்கெழுத்தர்களின் பென்சில் நிற்கவில்லை. அந்த வழக்கறிஞர் மைக்கை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு அக்கா இருக்கவில்லை. காரில் ஏறி, வீட்டுக்கு வேண்டாம், மாடி வீட்டுக்குப் போ என்று டிரைவரிடம் சொன்னார். கொழுந்தனாருக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். மாடிப்படிக்குக் கீழே சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. அதற்கும் மேலே கரி தெரிந்தது. கிரில் கேட்டில் புதுப் பூட்டு.

"ஊரே சிரிக்குது அண்ணி. நீங்களே உங்க வாயால கேட்டீங்களாமே."

"சுளுக்குன்னு சொன்னே."

"ஆஸ்பத்திரி செலவு மொத்தம் நான்தான் பாத்தேன். அந்தப் பொண்ண வேணும்னா கேளுங்க."

"சுளுக்குன்னு சொன்னே."

அக்கா படியேறி மேலே போய், பகலில் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பாமல், ஜன்னலிலிருந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அந்த உயரத்தை நானும் பார்த்தேன். நான் குதிக்க மாட்டேன்.

திரும்பும்போது காரில் நான் கேட்டேன். எதற்காக அக்கா நீங்களே கேட்டீர்கள்? கிராம்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அந்த வக்கீல் மைக்க இஸ்துட்டாரு பாத்தியா? நான் கேக்கலன்னா அவரு கேட்டிருப்பாரு. அவரு கேட்டு அந்தப் பொண்ணு சொன்னா நான் திருடி. நான் கேட்டு அது சொன்னா..." எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. வேறு மாதிரி ஒரு பதிலை எதிர்பார்த்திருந்தேன். பிற்காலத்தில் அந்தக் கதையை ஊரில் இரண்டு விதமாகச் சொன்னார்கள். சொந்த வீட்டையே காட்டிக்கொடுத்த தைரியசாலி என்று ஒரு சாரார். பதவிக்காகக் குடும்பத்தை விற்றவர் என்று இன்னொரு சாரார். இரண்டு சாராரும் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அந்த ஜன்னலில் பார்த்துவிட்டு அவர் படியிறங்கி வந்தபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார், வழக்கமாகப் பிடிக்க மாட்டார் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

குழு அறிக்கை உரிமையாளரும் பொறுப்பு என்ற பிரிவை அப்படியே வைத்தது. வெளியிலிருந்து பூட்டுவதைப் பற்றி, "இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டும்" என்று பட்டும் படாமலும் ஒரு வாசகம் சேர்த்தது. ஆனால் சட்டமுன்வடிவு மறுபடி அவைக்கு வருவதற்குள் பல பேர் பல இடங்களுக்குப் போய் வந்திருந்தார்கள். எங்கள் தொகுதி மட்டுமல்ல, தொழிற்சாலை இருக்கிற எல்லாத் தொகுதிகளிலும் வாடகை வாங்குகிறவர்களுக்குத்தான் ஓட்டு இருந்தது. உரிமையாளர் என்ற சொல்லை எடுத்துவிட்டு, நடத்துபவர் மட்டுமே பொறுப்பு என்று ஆக்குகிற திருத்தத்தை அமைச்சரே கொண்டுவரப் போவதாகத் தெரிந்தது. அக்கா அதற்கு எதிராக ஒரு திருத்தம் கொடுக்கச் சொன்னார். உரிமையாளரை விடக் கூடாது என்று. நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் அமைச்சரின் திருத்தத்துக்கு மறுதிருத்தம் கொடுப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அன்றைக்கே கொறடாவிடமிருந்து போன் வந்தது.

விவாத நாளன்று காலை அக்காவை அமைச்சரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் வெளியே வராந்தாவில் காத்திருந்தேன். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தூண் பக்கம் என்னை ஒதுக்கி அழைத்துப் போய்ச் சொன்னார்.

"உரிமையாளர்ன்ற சொல்லு போயிடும் தம்பி. பூட்டு வாசகம் இருக்கும். இயன்றவரைன்னு கீறத எடுத்துடுவாங்க. உள்ள ஆள் இருக்கும்போது எந்தக் காரணத்துக்கும் வெளியேர்ந்து பூட்டக் கூடாது. பூட்டினா பதிவு ரத்து. நான் திருத்தத்த விட்டுடணும்."

"ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கினேன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படுவாயா என்று முதல் நாளே கேட்டவரிடம் அதை மறைக்கவும் தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் பதிவாகட்டும் என்று சொன்னதற்கு அப்புறம் இது எதற்கு என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "யாரு பொறுப்புன்னு கோர்ட்ல வருஷக்கணக்கா பேசுவான். வக்கீல் வெச்சிப் பேசுவான். பூட்டு தொங்குதா இல்லியான்னு தெருவுல போறவன் பாத்துச் சொல்லலாம்" என்றார். அதற்கு மேல் பேசாமல், புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டு அவைக்குள் போனார்.

அன்றைக்குப் பார்வையாளர் மாடத்தில் அந்தப் பெண்ணும் இருந்தாள். அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுக்கச் சொன்னது அக்காதான். கால் அப்படி ஆனதால் நின்றுகொண்டு செய்கிற லைன் வேலை போய், ஒரு கூரியர் கிடங்கில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். மாடத்தில் முழங்கையை முன்கம்பியில் ஊன்றக் கூடாது என்று காவலர் சொன்னதும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா கொஞ்ச நேரம்தான் பேசினார். எழுதி வைத்துப் படிக்கிற தமிழ்தான். "பேரவைத் தலைவர் அவர்களே, எனது குடும்பத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் நடந்த ஒரு நிகழ்வு குழுவின் பதிவில் இருக்கிறது" என்று ஆரம்பித்தபோது எதிர்வரிசையில் பேச்சு நின்றது. நடந்ததை நான்கைந்து வாக்கியத்தில் சொன்னார். தன்னைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லவில்லை. அமைச்சர் பதிலளித்து, பூட்டைப் பற்றிய வாசகத்தைப் படித்தார். பேரவைத் தலைவர் கேட்டார்: "உறுப்பினர் தமது திருத்தத்தை வலியுறுத்துகிறாரா?"

அக்கா எழுந்து நின்றார். கொறடா திரும்பிப் பார்த்தார். எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல், "எப்படி வலியுறுத்துவாங்க? சொந்த வீடாச்சே!" என்றது. சிரிப்பு எழுந்தது. அந்தச் சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுவதாகத் தலைவர் சொன்னார்.

"அமைச்சர் அவர்களின் விளக்கத்தை ஏற்று, வலியுறுத்தவில்லை" என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தார்.

பிறகு ஏற்போர் ஆம் என்க. அந்த ஆமில் அவருடைய குரல் இருந்ததா என்று நான் கவனித்தேன். மாடத்துக்கு எல்லாம் ஒரே குரலாகத்தான் வருகிறது.

வெளியே படிக்கட்டருகே அந்தப் பெண் காத்திருந்தாள். அக்காவைச் சுற்றி இருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள்.

"அம்புட்டுதானா மேடம்?"

"அவ்ளோதாம்மா."

"ஓனருக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல. அது போயிட்ச்சி."

"பூட்டு?"

"அது கீது. இனிமே எவனும் பூட்டக் கூடாது."

அவள் யோசித்தாள். மன்னித்தது போலவும் இல்லை, மன்னிக்காதது போலவும் இல்லை. "சாவியக் குடுத்திருந்தாலே போதும் மேடம். இதுக்கு இம்புட்டுப் பேரு இம்புட்டு நாளா பேசணுமா?" என்றாள். ஏளனமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மதிய ஷிப்ட்டுக்குப் போக வேண்டும், பூந்தமல்லி பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவள் ஊன்றுகோலோடு மெதுவாகப் போனாள். அக்கா காரில் கொண்டுபோய் விடச் சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதன் பின் நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சங்கத்துக்காரர்கள் அக்காவை விலைபோனவர் என்றார்கள். வாடகை வாங்குகிறவர்கள் துரோகி என்றார்கள். அடுத்த தேர்தலில் கட்சி வேறு ஒருவரை நிறுத்தியது. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நிற்காமல் போன தேர்தலில் மற்றவருக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் நிர்வாகப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் ஊருக்கே திரும்பிவிட்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பாகப்பிரிவினையின்போது, சாலையைப் பார்த்த மனைகளைக் கொழுந்தனார் கேட்டார். அக்கா, பெண் பிள்ளைகள் இருக்கிற மாடி வீட்டைக் கேட்டார். யாரும் வாங்க மாட்டாத சொத்தைக் கேட்கிறாரே என்று கொழுந்தனாருக்கே சங்கடமாக இருந்ததாம். மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அக்கா அந்த வீட்டின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார். வார்டன் வைக்கவில்லை. எங்கள் கம்பெனிப் பிள்ளைகள் சிலர் அங்கே தங்கியிருப்பதால் அவ்வப்போது நான் போக வேண்டியிருக்கிறது. போன வாரம் போனபோது, தங்குமிடப் பதிவைப் புதுப்பிக்க அலுவலகத்துக்குப் போய் வந்த கதையைச் சொன்னார். டோக்கன் வாங்கி, முறை வந்ததும் போனால், கட்டட வரைபடத்தில் அவசர வழி எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லை, குறித்து எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த இளம் பெண் அதிகாரிக்கு இவர் யாரென்று தெரியாது. சட்டத்தின் பிரிவை இவருக்கே வாசித்துக் காட்டி விளக்கியிருக்கிறார். "கரெக்டாத்தான் சொல்லிச்சி அந்தப் பொண்ணு" என்றார் அக்கா.

பேசிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி பஸ் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, எங்களைப் பார்க்காமல் படியேறிப் போனார்கள். கோட்டையில் இவர் நடந்தால் எழுந்து நின்று வழி விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றுதான் அவரும் இருக்கிறார். சற்று நேரத்தில் மேலே ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஓனரம்மா! தண்ணி வரலல்லா!"

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். "காலையிலதான் ரொப்பினேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார்.

"'போதுமான தண்ணீர் வழங்கப்பட வேண்டும்'னு சட்டத்துல எழுதனோம் இல்ல தம்பி? ரெண்டு நாள் பேசி எழுதனோம்" என்றார். "இது வரிக்கும் ஒருத்தி போதும்னு சொன்னதில்ல."